எல்கார்ட்டில இருந்து ஸ்காபரோவுக்கு: பழைய மோட்டர்ஹோம் ஒண்டை போடர் தாண்டிக் கொண்டு வந்த கதை

2019 ஜூனில நாங்கள் அமெரிக்காவில ஒரு பழைய மோட்டர்ஹோம் (உள்ளுக்குள்ளயே இருந்து சமைச்சுப் படுக்கக்கூடிய வீட்டு வண்டி) வாங்கி கனடாவில ஒன்ராறியோவுக்கு, ஸ்காபரோவில எங்கட வீட்ட கொண்டு வந்தனாங்கள். அந்த நேரம் தமிழில ஆரும் இதைப் பற்றி முழுசா எழுதி நான் காணேல்ல, தெரிஞ்ச ஆக்களிட்ட கேட்டாலும் "கார் கொண்டு வாற மாதிரித்தான் அண்ணை" எண்டு சொன்னவை, ஆனா கார் மாதிரி இல்லை, கொஞ்சம் வித்தியாசம், அதோட பேப்பரில விட்ட ஒரு பிழையால எனக்கு நாலு நாள் போனது. இனிச் செய்யிற ஆருக்காவது உதவட்டும்.

ஏன் மோட்டர்ஹோம் எண்டு முதல் சொல்லுறன். அம்மாவுக்கு அப்ப 74 வயசு, முழங்கால் ஏலாது, வழியில கண்ட கண்ட வோஷ்றூமுக்கு போக மாட்டா, அதால ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல எங்கயும் வர மாட்டன் எண்டு வீட்டிலயே இருந்திட்டா. கனடாவுக்கு வந்து 20 வருசத்துக்கு மேல, ரொறன்ரோவும் மொன்றியலும் விட்டா ஒண்டும் பாக்கேல்ல. கட்டிலும் வோஷ்றூமும் கூடவே வந்தா அம்மாவும் வருவா எண்டு மனுசிதான் முதல் சொன்னவ.

இஞ்ச ஒன்ராறியோவில பாத்த விலைக்கு எங்கட கை எட்டேல்ல. இந்தியானாவில எல்கார்ட் எண்டொரு ஊர், அமெரிக்காவின்ர ஆர்வி (மோட்டர்ஹோம் மாதிரி வண்டியள்) தொழிலில பெரும்பகுதி அதைச் சுத்தித்தான் இருக்கு, அதால பழசுகளும் அங்க கனக்க. ஒரு டீலரிட்ட 2011 கிளாஸ் சி ஒண்டு, ஃபோர்ட் ஈ-450 சசி (வண்டியின்ர அடிச்சட்டம்), 6.8 லீற்றர் வி10 எஞ்சின், 38,000 அமெரிக்க டாலர். டிரைவர் சீற்றுக்கு மேலயும் ஒரு கட்டில் இருக்குமே, அந்த வகை. ஓட ஒன்ராறியோவில கார் ஓடுற சாதாரண ஜி லைசன்ஸ் காணும், 11,000 கிலோ வரைக்கும் ஓடலாம், இது அதுக்கு எவ்வளவோ கீழ.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். வண்டியைப் பாத்து ஆசைப்பட முதல் பேப்பரைப் பாருங்கோ. அமெரிக்காவில ஓடுற எல்லா வண்டியையும் கனடாவுக்குள்ள கொண்டு வர ஏலாது. ட்ரான்ஸ்போர்ட் கனடா ஒரு லிஸ்ட் வச்சிருக்கு, எந்தக் கொம்பனி, எந்த வருசம், எந்த மொடல் எண்டு. 15 வருசத்துக்கு மேல பழசெண்டா அந்த லிஸ்டும் ஆர்ஐவி எண்ட இறக்குமதி வாகனப் பதிவும் தேவையில்லை, எங்கட வண்டிக்கு எட்டு வருசம்தான், அதால ரெண்டும் வேணும். மோட்டர்ஹோமில உள்ள சிக்கல் என்னெண்டா அதைச் செய்யிறது ரெண்டு கொம்பனி. சசியும் எஞ்சினும் ஃபோர்ட், மேல வீட்டைக் கட்டினது வேற ஆள். டிரைவர் கதவுப் பக்கம் பாத்தா ரெண்டு லேபிள் ஒட்டியிருக்கும். டீலரிட்ட சொல்லி ரெண்டையும் வடிவா வாசிக்கக்கூடிய மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொன்னனான், அதை வச்சுத்தான் லிஸ்டைப் பாத்தது. ரீகோல் (பிழையைத் திருத்த எண்டு கொம்பனி வண்டியைத் திருப்பிக் கூப்பிடுறது) ஒண்டும் செய்யாமல் மிச்சம் இல்லை எண்டு காட்டுற கடிதமும் ஃபோர்ட்டிட்ட ஒண்டு, வீட்டுப் பகுதி கட்டின கொம்பனியிட்ட ஒண்டு எண்டு ரெண்டு எடுத்தனான். ஒண்டு காணுமோ எண்டு யோசிச்சுக் கொண்டிருக்காமல் ரெண்டையும் எடுங்கோ, எங்களுக்குக் கடிதம் எடுக்கச் செலவு ஒண்டும் வரேல்ல.

வின் நம்பரின்ர (வண்டியின்ர அடையாள நம்பர்) முதல் எழுத்தையும் பாருங்கோ. 1, 4, 5 எண்டா அமெரிக்காவில செய்தது, 2 கனடா, 3 மெக்சிகோ. எங்கட 1, அதால அந்த நேரம் இருந்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தப்படி சுங்கத்தீர்வை இல்லை, இல்லாட்டி 6.1 வீதம் கட்டியிருப்பம். 2025 ஏப்ரலில இருந்து அமெரிக்க வாகனங்களுக்கு கனடா பதில் வரி போட்டது, அதால இப்ப வாங்கிறவை வாங்க முதல் கனடாச் சுங்கத்துக்கு (போடர் சேர்விசஸ்) போன் அடிச்சு, வின் நம்பரைச் சொல்லி, உங்கட வண்டிக்கு எவ்வளவு எண்டு கேட்டுப்போட்டு வாங்குங்கோ. என்ர கணக்கை அப்பிடியே நம்பி இறங்க வேண்டாம்.

வண்டி பாக்கப் போகேக்க மச்சானையும் கூட்டிக்கொண்டு போனன், அவர் மெக்கானிக் இல்லை, ஆனா வீடு திருத்துற வேலை செய்யிறவர். இதுக்கு அவர்தான் சரியான ஆள் எண்டு அங்க போனாப்பிறகுதான் விளங்கினது, ஏனெண்டா பழைய மோட்டர்ஹோமைக் கொல்லுறது எஞ்சின் இல்லை, தண்ணி. கூரையில பொருத்து விட்ட இடத்தால மழைத்தண்ணி உள்ள இறங்கினா சுவருக்குள்ள மரம் உக்கிப் போகும், வெளியில பைபர்கிளாஸ் குமிழ் குமிழா எழும்பும். மச்சான் ஈரப்பதம் பாக்கிற மீற்றர் கொண்டு வந்து மூலை மூலையா வச்சுப் பாத்தார், மேல் கட்டில் இருக்கிற முன் மூலை, ஜன்னலுக்குக் கீழ, பின் கதவடி, ஏணியால ஏறிக் கூரை முழுக்க. டைனிங் மேசைக்குக் கீழ நிலத்தை காலால அழுத்திப் பாத்தார், மெத்தெண்டு இருந்தா விட்டுட்டு வரோணும். எங்கட வண்டி காய்ஞ்சு கிடந்தது, ஒரு கூரை வென்ட்டை (காத்துத் துவாரம்) சுத்தி மட்டும் தண்ணி போகாமல் பூசுற சீலன்ட் வெடிப்பு. ரயர் பாக்க வடிவா புதுசு மாதிரி, ஆனா பக்கத்தில இருக்கிற நம்பரின்ர கடைசி நாலு இலக்கம் 3212, அதெண்டா 2012இன்ர 32ஆவது கிழமை செய்தது, ஏழு வருசம். ஆறு ரயரும் மாத்தோணும் எண்டு விலையில 1,500 குறைச்சு, 38,000க்கு வந்தது அப்பிடித்தான்.

அமெரிக்கப் பக்கம்தான் நான் மாட்டுப்பட்ட இடம். கனபேர் கனடாக்குள்ள வாறதைப் பற்றி மட்டும்தான் யோசிக்கினம், ஆனா அமெரிக்காவில இருந்து வெளியில கொண்டு போறதுக்கும் தனி நடைமுறை இருக்கு. எந்தப் போடரால வெளிக்கிடுறமோ அந்தப் போடரில இருக்கிற அமெரிக்கச் சுங்கத்தின்ர எக்ஸ்போர்ட் ஒபிசுக்கு டைட்டில் (வண்டியின்ர உரிமைப் பத்திரம்), பில் ஒப் சேல் (வித்த ரசீது) கொப்பியளை 72 மணித்தியாலம் முதலே அனுப்போணும். இன்னொண்டு, ஐடிஎன் எண்டொரு நம்பர், ஏற்றுமதியைப் பதிஞ்சா வாறது. பழைய வாகனமெண்டா விலை எவ்வளவா இருந்தாலும் அது எடுக்கோணும், எங்களை மாதிரி வெளியாக்கள் நேரடியா அதைப் பதிய ஏலாது, விக்கிறவர் செய்யோணும் இல்லாட்டி அமெரிக்காவில இருக்கிற ஏஜென்ட் ஒருத்தருக்குக் காசு குடுத்துச் செய்விக்கோணும். நாங்கள் ஏஜென்டை வச்சுச் செய்தம், ஒரு நாளில நம்பர் வந்திட்டுது.

திங்கக்கிழமை டீலர் எல்லாம் அனுப்பியாச்சு எண்டு சொன்னவர். வியாழக்கிழமை வெளிக்கிடலாம் எண்டு நானும் மச்சானும் மோட்டல் எடுத்து நிண்டம். புதன் மத்தியானம் ஒருக்கா உறுதிப்படுத்துவம் எண்டு எக்ஸ்போர்ட் ஒபிசுக்கு எடுத்தா, டைட்டிலின்ர முன்பக்கம் மட்டும்தான் வந்திருக்கு, பின்பக்கம் இல்லை, அதால 72 மணித்தியாலம் இன்னும் தொடங்கவே இல்லை எண்டினம். எனக்கு அந்த இடத்திலயே காலெல்லாம் சோர்ந்து போச்சு. பின்பக்கத்திலதானே கை மாத்தினதுக்கு கையெழுத்து இருக்கு, அதில்லாமல் அவை எப்பிடி ஏற்பினம், பிழை எங்கட பக்கம்தான், அனுப்பினதை நான் என்ர கண்ணால பாத்திருக்கோணும். உடன திரும்ப அனுப்புவிச்சம். கணக்குப்படி சனிக்கிழமை முடியுது, ஆனா ஒபிஸ் வார நாளில மட்டும்தான், அதால திங்கள்.

மோட்டலுக்கு இன்னும் காசு கட்டாமல் டீலரைக் கேட்டு அவையின்ர வளவிலயே வண்டிக்குள்ள படுத்தம், கரண்டும் தண்ணியும் இழுத்துத் தந்தவை. மினக்கெட்ட அந்த நாலு நாளும் எனக்குப் பெரிய உதவி. வாங்க முதல் அரை மணித்தியாலம் பாக்கிறதும் அதுக்குள்ள இருந்து சமைச்சுக் குளிச்சுப் படுக்கிறதும் ஒண்டில்லை. வெந்நீர் ஹீற்றர் காஸில வேலை செய்யுது கரண்டில செய்யேல்ல, குளியலறைப் பம்ப் ராவில தானா ஓடி ஓடி நிக்குது (எங்கயோ சின்னனா ஒழுகுது எண்டு அர்த்தம், மச்சான் சிங்குக்குக் கீழ கண்டுபிடிச்சார்), பிரிட்ஜ் காஸில நல்லாக் குளிராகுது, ஆனா வண்டி சரிஞ்சு நிண்டா சரியா வேலை செய்யாது, மட்டமா நிக்கோணும். எல்லாத்தையும் எழுதிக் குடுத்தன், வளவை விட்டு வெளிக்கிட முதல் டீலரே திருத்தித் தந்தார். ஞாயிறு ஆர்வி மியூசியத்தடிப் பக்கம் போட்டு வந்தம், வழியில ஆமிஷ் ஆக்கள் (பழைய முறையில வாழுற கிறிஸ்தவக் குழு) குதிரை வண்டியில போகினம், அம்மாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினன், சந்தோசப்பட்டவ.

டைட்டில் பற்றி இன்னொண்டு சொல்ல வேணும். அங்க கன டீலர்மார் "டைட்டிலைப் பிறகு தபாலில அனுப்புவம்" எண்டு சொல்லுவினம், உள்ளூர் ஆக்களுக்கு அது பிரச்சினையில்லை. எங்களுக்கு ஒறிஜினல் கையில இல்லாமல் போடரில ஒண்டும் நடக்காது. காசு அனுப்ப முதலே "ஒறிஜினல் டைட்டில், கடன் ஒண்டும் இல்லாமல், வண்டியோட கையில தருவம்" எண்டு எழுத்தில வாங்குங்கோ. காசு நான் வங்கியால வயர் பண்ணினன், அந்த ரிசீற் பிறகு கனடாப் பக்கத்தில விலைக்கு அத்தாட்சியா உதவினது.

திங்கள் விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டம், டீலர் தந்த தற்காலிகப் பேப்பர் பிளேட்டோட, இன்சூரன்ஸ் என்ர கொம்பனியில முதலே வின் நம்பர் குடுத்துப் போட்டாச்சு. மச்சான் என்ர காரில பின்னால. டோல் ரோட்டால கிழக்க வந்து ஐ-69 பிடிச்சு, லான்சிங், பிளின்ட் தாண்டிப் போர்ட் ஹூரன், ஒரு நாலரை மணித்தியாலம். காத்தடிச்சா வண்டி இழுக்கும், ரெண்டு கையாலயும் பிடிக்கோணும், முதல் ஒரு மணித்தியாலம் பயந்து பயந்துதான் ஓடினன்.

பாலத்தில ஏற முதல் அமெரிக்கப் பக்கத்து எக்ஸ்போர்ட் ஒபிசில நிப்பாட்டோணும். பாலத்தில ஏறிட்டா பேந்து திரும்பி வாறது பெரிய வேலை, அதால எங்க நிப்பாட்டுறது, எந்த வாசல் எண்டு போனிலயே கேட்டு வையுங்கோ, உயரமான வண்டியெண்டும் சொல்லுங்கோ. டைட்டிலைப் பாத்து, வின் நம்பரை வண்டியில வந்து சரிபாத்து, முத்திரை குத்தித் தந்தவை, அரை மணித்தியாலம் வராது. பிறகு புளூ வோட்டர் பாலம். மேல ஏறேக்க கீழ சென் கிளெயர் ஆறும் ஹூரன் ஏரியும் தெரியும், எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு.

கனடாப் பக்கம் உள்ள போய் போர்ம் 1 (வண்டி இறக்குமதிப் படிவம்) நிரப்பினது. அண்டைக்கு ஒரு அமெரிக்க டாலர் 1.33 கனேடிய டாலர் அளவில, 38,000 எண்டது 50,540 கனேடிய டாலர். ஏசிக்கு 100 டாலர் எக்சைஸ் வரி, அதோட சேத்து ஜிஎஸ்ரி 5 வீதம், 2,532 டாலர். ஒன்ராறியோ மாகாண வரி எட்டு வீதம் போடரில எடுக்க மாட்டினம், நம்பர் பிளேட் எடுக்கேக்க கட்டோணும், அது 4,000 டாலருக்கு மேல, அதுக்கும் காசு ஒதுக்கி வையுங்கோ. பழைய சொந்தக்காரர் விட்டிட்டுப் போன சாப்பாட்டுக் கோப்பை, சட்டி, கதிரை எல்லாத்தையும் கேக்காமலே சொன்னன். விறகு கொஞ்சம் பின் பெட்டியில கிடந்தது, எல்கார்ட்டிலயே எடுத்துப் போட்டிட்டன், பூச்சி பரவும் எண்டு விறகு கொண்டு வர விட மாட்டினம்.

வீட்ட வந்தாப்பிறகு ஆர்ஐவிக்கு ரீகோல் கடிதங்களை அனுப்பி பீஸ் கட்ட போர்ம் 2 (இன்ஸ்பெக்சன் படிவம்) ஈமெயிலில வரும், அதை வச்சு, போடர் தாண்டின நாளில இருந்து 45 நாளுக்குள்ள இன்ஸ்பெக்சன். கனேடியன் ரயர் கடையளில செய்யலாம், ஆனா எங்கட வண்டி பதினொண்டரை அடி உயரம், எல்லா இடத்து வாசலுக்குள்ளயும் போகாது, போன் அடிச்சு உயரம் சொல்லித்தான் ஒரு இடம் பிடிச்சம். அதுக்கு முதல் பகல் லைட் பூட்டோணும். 1989 டிசம்பரில இருந்து செய்த வண்டியள் எல்லாத்துக்கும் கனடாவில பகலிலயும் முன் லைட் தானா எரியோணும், அமெரிக்காவில அது கட்டாயமில்லை, எங்கட வண்டியில இருக்கேல்ல. சின்ன மொடியூல் ஒண்டு, மெக்கானிக் பூட்டித் தர எல்லாமா 180 டாலர். ஒரே தரத்தில பாஸ்.

அதோட சேஃப்டி (வண்டி ஓடத் தகுதி எண்ட சான்றிதழ்), இன்சூரன்ஸ், முத்திரை குத்தின டைட்டில், போர்ம் 1, போர்ம் 2 எல்லாத்தையும் கொண்டு மாகாண அரசின்ர ஒபிசான சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போய் எட்டு வீதத்தையும் கட்டி பிளேட் எடுத்தம். ஆர்ஐவி லேபிள் தபாலில வந்தது, டிரைவர் கதவுப் பக்கம் அந்த ரெண்டு லேபிளுக்கும் பக்கத்தில ஒட்டினன். ரயர் ஆறும், ஏஜென்ட், மோட்டல், எண்ணெய் எல்லாம் சேத்தும் அப்ப இஞ்ச அதே மாதிரி வண்டிக்குக் கேட்ட விலையை விட 9,000 டாலர் அளவில குறைவாத்தான் முடிஞ்சது. லீவு எடுக்க ஏலாத ஆக்கள், பேப்பரோட மல்லுக்கட்டப் பொறுமை இல்லாத ஆக்கள் இஞ்சயே வாங்குங்கோ, அந்தக் காசு குடுத்தாலும் தகும்.

ஆகஸ்டில அம்மாவைக் கூட்டிக்கொண்டு 17ஆம் நம்பர் ரோட்டால சுப்பீரியர் ஏரிப் பக்கம் அகாவா பேக்குப் போனம். கரையோட வண்டியை மட்டமா நிப்பாட்டினன். அம்மா உள்ள தானே கேத்தில் வச்சுத் தேத்தண்ணி ஊத்திக் கொண்டு வந்து ஜன்னலடியில இருந்தவ. "இது கடல் இல்லையோ தம்பி" எண்டு மூண்டு தரம் கேட்டா.