பூத்திருக்கே: ஒரு பாட்டு வகுப்பின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 5, 2020, புதன்

பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், எங்கள் பாலு சார், வீடியோ போட்டிருக்கிறார். லேசான கொரோனாத் தொற்று, காய்ச்சல், சளி, பயப்பட ஒன்றுமில்லை, யாரும் போன் செய்ய வேண்டாம் என்கிறார். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, சனி

பாட்டெழுதச் சொல்லித்தரும் ஜூம் வகுப்பு, முதல் நாள். பதினோரு பிள்ளைகள், 8ஆம் வகுப்பிலிருந்து 11 வரை. நண்பன் வடபழனியில் கீபோர்டோடு, நான் சாலிகிராமத்தில். மார்ச்சுக்குப் பிறகு நாங்களே நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

அவன் போட்ட மெட்டு, சொல் இல்லாமல் தத்தகாரத்தில்:

தன்ன தானே தன்ன தானே
தன்ன தனதானே

தகிட தகதிமி, ஏழு எண்ணிக்கை. எல்லாரும் சேர்ந்து தாளம் போடுங்கள் என்றேன். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி ஆளுக்கொரு நேரத்தில் சத்தம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு தாமதம். இனி மைக்கை அணைத்துவிட்டுத் தட்டட்டும், நான் கைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பாட்டை வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பட்டும்.

சரணம் என்று வாயெடுத்தேன், 40 நிமிடம் முடிந்து ஜூம் கட்டாகிவிட்டது.

தூத்துக்குடிப் பாப்பா வரவே இல்லை. போன் அம்மாவோடு உப்பளத்துக்குப் போய்விடுகிறதாம். இருட்டோடு போனால் மதியம்தான் திரும்புவார்களாம். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு மூன்று மணிக்கு.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பாலு சார் கவலைக்கிடம் என்று மருத்துவமனை அறிக்கை.

ஆகஸ்ட் 15, சனி

பாப்பா வந்தாள். கேமரா இல்லை, பெயர் மட்டும்.

இன்றைக்கு வாயைப் பற்றித்தான் பாடம். எதுகை மோனை பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். பாட்டுக்கு அது போதாது. மேலே போகிற இடத்தில் ‘ஆ’ வைத்தால் பாடுகிறவர் வாய் தானே திறக்கும். அதே இடத்தில் ‘ஈ’ வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற வேண்டும். நீட்டுகிற இடத்தில் ‘ம்’ வந்தால் உதடு மூடிவிடும். வரி முடிகிற இடத்தில் நெடில் கொடுங்கள். அப்புறம், மூச்சு எடுக்க இடம் விடுங்கள்.

இதைச் சொன்ன பிறகு ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. நெட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 20, வியாழன்

பாலு சார் குணமாக வேண்டி மாலை ஆறு மணிக்கு எல்லாரும் அவர் பாட்டைப் போடுவது என்று ஏற்பாடு. எங்கள் குடியிருப்பில் நாலு மாடியிலும் நாலு பாட்டு, ஒன்றோடொன்று கலந்து. மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். அவர் என் வரி எதையும் பாடியதில்லை. இருபது வருடமாக எழுதுகிறேன். ஒவ்வொரு மெட்டு கையில் வரும்போதும் இது அவருக்காக இருக்குமோ என்று நினைத்துத்தான் முதல் வரியைத் தொடுவேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

முழு ஊரடங்கு. தெருவில் நாய்கூட இல்லை. பத்து மணிக்குப் பாப்பாவிடமிருந்து 22 நொடி குரல் பதிவு.

எங்க அம்மா கால்வெடிப்பில்
உப்பு பூத்திருக்கே

முதல்முறை கேட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு எடுத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ‘இருக்கு’ என்று விடாமல் ‘இருக்கே’ என்று நெடிலில் முடித்திருக்கிறாள், போன வாரம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு. முதல் வரி மெட்டில் அச்சாக உட்காருகிறது. இரண்டாவது வரியில்தான் இடிக்கிறது. மெட்டு ‘தனதானே’. இவள் ‘பூத்திருக்கே’. குறில் இருக்க வேண்டிய இடத்தில் ‘பூத்’ நிற்கிறது, ஒரு மாத்திரை கூடுதல்.

‘மினுமின்னும்’ என்று போட்டுப் பார்த்தேன். உப்பு மினுமின்னும். சொல்லிவைத்த மாதிரி பொருந்துகிறது.

ஆகஸ்ட் 24, திங்கள்

பதில் வந்தது.

“மின்னாது சார். மின்னுறது குவிச்சு வச்ச உப்பு அம்பாரத்துல. அம்மா காலுல வெடிப்புக்குள்ள போய்க் காஞ்சு பூத்து நிக்கும். வந்ததும் நாந்தான் தண்ணி ஊத்துவேன்.”

ஆகஸ்ட் 26, புதன்

பூத். பூத்.

ஆகஸ்ட் 29, சனி

ஒன்பதாவது படிக்கும் பையன் கேட்டான், “பாட்டெழுத வயசாகணுமா சார்?” பட்டுக்கோட்டையார் இறந்தபோது வயது 29 என்றேன். “அப்போ எனக்கு இன்னும் 15 வருஷம்தானா?” என்று நிஜமாகவே பதறினான். பாவம், வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

பாப்பா இல்லை. நெட் தீர்ந்துவிட்டது என்று செய்தி.

செப்டம்பர் 7, திங்கள்

பாலு சாருக்குத் தொற்று நீங்கிவிட்டது! மகன் சரண் சொல்லியிருக்கிறார். ஐபேடில் கிரிக்கெட் பார்க்கிறாராம், ஐ.பி.எல்.லுக்குக் காத்திருக்கிறாராம், எழுதிக் காட்டுகிறாராம். வீட்டில் சேமியா பாயசம் வைத்தோம். நண்பனுக்குப் போன் செய்து இருவரும் ஒரு மணி நேரம் பேசினோம். என்ன பேசினோம் என்று ஒன்றும் நினைவில்லை.

செப்டம்பர் 12, சனி

இன்று கேட்டுவிட்டேன். “மெட்டைக் கொஞ்சம் மாத்தலாமாடா?”

இருபது வருடத்தில் எந்த இசையமைப்பாளரிடமும் நான் கேட்காத கேள்வி. மெட்டு வரும், அதற்குள் உட்காருகிற சொல்லை நான் தேடுவேன். உட்காராத சொல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எடுத்து வைத்துவிடுவேன். அப்படி எடுத்து வைத்த சொற்கள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. அந்த நோட்டை நேற்று ராத்திரி புரட்டினேன். பாதிக்கு மேல் எனக்கே எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. இந்தப் பிள்ளையும் அப்படி ஒரு நோட்டு வைக்கக்கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவளுக்குத் தெரியும் அது மின்னுகிறதா பூக்கிறதா என்று. அதை விட்டுவிடு என்று சாலிகிராமத்தில் உட்கார்ந்திருக்கிற நான் எப்படிச் சொல்வது?

நண்பன் குரல் பதிவைக் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் அனுப்பினான். கடைசி ‘னே’யை நீட்டுவதற்கு வைத்திருந்ததில் ஒரு எண்ணிக்கையை எடுத்து முன்னால் கொடுத்திருக்கிறான். தன்ன தானதானே. ஏழு கெடவில்லை.

“இவ்வளவுதானேடா, இதுக்கா மூணு வாரம்?” என்றான்.

செப்டம்பர் 19, சனி

புது மெட்டைப் பாப்பாவுக்கு அனுப்பியாகிவிட்டது. ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. 21 முதல் 25 வரை ஆன்லைன் வகுப்புகளுக்கு அரசு விடுமுறை. எங்களுடையது சனிக்கிழமை, பாதிப்பில்லை.

இன்று ஐ.பி.எல். ஆரம்பம். பார்த்துக்கொண்டிருப்பார்.

செப்டம்பர் 22, செவ்வாய்

இரண்டு டிக். பதில் இல்லை.

செப்டம்பர் 24, வியாழன்

மறுபடியும் மிகவும் கவலைக்கிடம். சாப்பிடவில்லை.

செப்டம்பர் 25, வெள்ளி

மதியம் 1:04.

செப்டம்பர் 26, சனி

தாமரைப்பாக்கத்தில் பாலு சார் அடக்கம். டிவியில் பார்த்தேன். பாதியில் அணைத்துவிட்டேன்.

இன்று வகுப்பு வேண்டாம் என்று குழுவில் தட்டினேன், அனுப்ப மனம் வரவில்லை. 2:50க்குத் திறந்தால் ஒன்பது பேர் உள்ளே இருக்கிறார்கள். யாரும் பேசவில்லை. மூன்று மணிக்குள் மற்ற இருவரும். பாப்பா முதல்முறையாகக் கேமராவைப் போட்டிருந்தாள். பின்னால் நீலச் சுவர், கொடியில் ஒரு சேலை, ஓரத்தில் யாரோ கால் நீட்டி உட்கார்ந்திருப்பது பாதி தெரிந்தது.

“சார், தாளம் போடட்டுமா?” என்றான் ஒன்பதாவது பையன்.

பத்துப் பேரும் மைக்கை அணைத்தார்கள். தகிட தகதிமி, தகிட தகதிமி, சத்தமே இல்லாமல் பத்து ஜோடிக் கைகள். அவள் மட்டும் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு