திருத்தாமல் விட்டதற்கும் மதிப்பெண் உண்டு

போன வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது. எடிட்டிங் தேர்வு எழுதியது இது மூன்றாவது இடம். முதல் இரண்டும் ஏன் கைநழுவின என்பது மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். பிழைகள் உள்ள ஒரு கட்டுரையைக் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள், அதுதான் கேள்வித்தாள்.

முதல் தேர்வில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பற்றிய கட்டுரை வந்தது. சந்திப் பிழை ஒன்றைக்கூட நான் விடவில்லை. 'சுவற்றில்' என்பதைச் 'சுவரில்' ஆக்கினேன். 'ஒவ்வொரு கடைகளிலும்' என்பதை 'ஒவ்வொரு கடையிலும்' ஆக்கினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கட்டுரையில் பூ விற்கும் அம்மா ஒருவர், "மழ பேஞ்சுருச்சுன்னா பூ வரத்தே இருக்காதுய்யா, முகூர்த்த நாள்ல வெல எகிறிரும்" என்கிறார். அதையும் இலக்கணமாக்கி வைத்தேன். நீளமாக இருந்த இரண்டு பத்திகளை எனக்குப் பிடித்த நடையில் மாற்றியும் எழுதினேன்.

தாளைப் பார்த்த ஆசிரியர், "தம்பி, நீங்க திருத்தல, திரும்ப எழுதியிருக்கீங்க" என்றார். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல் என்று முதல் பத்தியிலும் 2003இல் என்று கடைசிப் பத்தியிலும் இருந்திருக்கிறது. அவர் விரல் வைத்துக் காட்டும்வரை எனக்கு அது தெரியவே இல்லை. வீட்டுக்கு வரும்வரை அந்த அம்மாவின் பேச்சை மாற்றியதுதான் மனதை அறுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது இடத்தில் 'தேர்வு' என்று 40 பக்கங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு இரவு உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். பதிலே இல்லை. அது தேர்வு இல்லை, வேலை. இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் கேட்டால் கூலி எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். கோபித்துக்கொள்கிற இடத்தில் வேலை பார்க்கவும் முடியாது.

மூன்றாவது தேர்வுக்கு முன்னால் இரண்டு மாதம் புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து பழகினேன். பழகியது ஒன்றே ஒன்றுதான்: தெரிந்ததைத் திருத்துவது, தெரியாததைக் கேள்வியாக எழுதி வைப்பது. தேர்வில் கீழடி பற்றிய கட்டுரை. 'மதுரை மாவட்டத்தில் உள்ள கீழடி' என்று இருந்தது. கீழடி சிவகங்கை மாவட்டம், அதனால் திருத்தினேன். இன்னோர் இடத்தில் 12 குழிகள் என்று சொல்லிவிட்டு, கீழே எண்ணினால் 11தான் வந்தது. எது சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? கை வைக்கவில்லை. ஓரத்தில், 'மேலே 12, இங்கே 11. கட்டுரையாளரிடம் கேட்க வேண்டும்' என்று எழுதினேன். இப்படி ஆறு கேள்விகள். நேர்காணல் முழுக்க அந்த ஆறைப் பற்றித்தான் பேசினார்கள்.

மற்றவை:

- முதல் வாசிப்பில் பேனாவைத் தொட வேண்டாம். நான் மெதுவாகப் படிப்பவன், எனக்கே நேரம் போதியது.
- மேற்கோளுக்குள் இருக்கும் பேச்சில் தட்டச்சுப் பிழையை மட்டும் திருத்துங்கள்.
- கோயிலா கோவிலா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று சண்டை வேண்டாம். அந்தப் பத்திரிகை எப்படி எழுதுகிறதோ அப்படி. போகும் முன் நான்கு இதழ்களாவது படித்துவிடுங்கள்.
- எண்களை எல்லாம் கூட்டிப் பாருங்கள்.
- 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' இருக்கும். இரண்டும் லேசில் கண்ணில் படாது, எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம், கடைசிப் பத்து நிமிடத்தைத் தலைப்புக்கும் படக்குறிப்புக்கும் ஒதுக்குங்கள். பெரிய எழுத்தில் இருப்பதைத்தான் யாரும் படிப்பதில்லை. கீழடித் தாளில் நான் கடைசியாகப் பிடித்த பிழை தலைப்பில்தான் இருந்தது: 'அகழாய்வைப் பார்க்க மரணவர்கள் ஆர்வம்'.