அம்மாவின் தையல் மெஷின்

இன்றோடு 41-வது நாள். தினமும் காலை காபிக்கு முன்னால் அரை மணி நேரம், உள்ளங்கை அளவு தாளில் ஒரு படம். எதையும் பார்த்து வரைவதில்லை, நினைவில் இருப்பதை மட்டும்தான்.

இந்த வாரம் முழுக்க அம்மாவின் தையல் மெஷின். திங்கட்கிழமை சக்கரம் வந்தது, தோல் பெல்ட் வந்தது. ஊசிப் பக்கம் நூல் எப்படிப் போகும் என்பது மட்டும் வரவே இல்லை. நான்கு நாள் அங்கேயே நின்றேன். இன்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கையை வெறுமனே அசைத்துப் பார்த்தேன். நூல் நுனியை நாக்கில் நனைத்து, விரலால் நசுக்கி, கண்ணைச் சுருக்கி... அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு ஊசி கோத்துக் கொடுத்தது நான்தான். கை மறக்கவில்லை. அப்புறம் கோடு தானாக வந்தது. அம்மாவின் பாதம் பட்டுப் பட்டு மிதிபலகையில் ஏறியிருந்த வழவழப்பும் கூடவே வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன்.

சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் அம்மா, சித்திரம் நெய்த பழைய திரைச்சீலைகளைப் பழுதுபார்த்தவர். மகளுக்கு 20 வயதில் இறந்துபோனார். அந்த அம்மாவை அவர் 1999-ல், தன் 87-வது வயதில், 9 மீட்டருக்கும் உயரமான எஃகுச் சிலந்தியாகச் செய்தார். வயிற்றுக்கடியில் பளிங்கு முட்டைகள். அறுபது வருடத்துக்கு மேல் மனதில் சுமந்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்குப் பெரிய தைரியம் வருகிறது.

சரி, நாளைக்கு மெஷின் டிராயர். பட்டன் டப்பா, தேய்ந்த சாக்பீஸ், அந்தச் சின்ன எண்ணெய்க் கேன்.