ஹட்சன் ஆற்றின் மேல், 1,300 அடிக்குக் கீழே

நியூயார்க்கில் லகார்டியா, ஜேஎஃப்கே, நெவார்க் என்ற மூன்று பெரிய விமான நிலையங்களையும் ஒரே 'கிளாஸ் பி' வான்வெளி மூடியிருக்கிறது. அதற்குள் நுழையக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும். ஹட்சன் ஆற்றின் மேல் மட்டும் 1,300 அடிக்குக் கீழே ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். சிறு விமானங்கள் அனுமதி கேட்காமலே அதில் போகலாம். அனுமதி வேண்டாம் என்பதால் வேலை குறைவு என்று நினைப்பவர்களை எண்ணித்தான் எனக்குக் கவலை. அந்தச் சந்தில் எதிரே வருபவரிடமிருந்து நம்மை விலக்கிவைக்க யாரும் இல்லை. நம் கண்ணும் ரேடியோவும்தான் துணை.

கண்ணை எவ்வளவு நம்பலாம்? 2009 ஆகஸ்ட் 8 அன்று ஒரு பைப்பர் விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் இதே ஆற்றின் மேல் சுமார் 1,100 அடியில் மோதின. ஒன்பது பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. மோதும் பாதையில் வரும் பொருள் கண்ணாடியில் இடம் மாறாது. ஒரு புள்ளியாக அப்படியே நின்று, கடைசி நொடிகளில்தான் பெரிதாகும். பின்னால் நகரத்துக் கட்டடங்கள் இருந்தால் அந்தப் புள்ளியும் கரைந்துவிடும். பைப்பர் அப்போது சந்தின் பொது அலைவரிசையில் இல்லை. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன அடுத்த அலைவரிசை தவறாகத் திருப்பிச் சொல்லப்பட்டது, அதை யாரும் திருத்தவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் விதிகள் இறுகின. நிற்காமல் கடப்பவர்கள் 1,000 அடிக்கு மேல். அங்கேயே இறங்கி ஏறுபவர்கள், சுற்றிக்காட்டுபவர்கள் அதற்குக் கீழ். வடக்கே போனால் கிழக்குக் கரை, தெற்கே வந்தால் மேற்குக் கரை. வேகம் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) அளவைத் தாண்டக் கூடாது. ஆளுக்கு 100 நாட் வேகத்தில் எதிரெதிரே வந்தாலே ஒரு கடல் மைல் இடைவெளி 18 நொடியில் தீர்ந்துவிடும். ஆல்பைன் டவர், ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று வரைபடத்தில் குறித்த இடங்களில் 123.05 என்ற பொது அலைவரிசையில் விமான வகை, இடம், திசை, உயரம் நான்கையும் சொல்ல வேண்டும். இடத்தின் பெயரைத் தேடி டேப்லெட்டில் குனிவது ஆபத்து. பெயர்களைத் தரையிலேயே வரிசையாக மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

அதிகம் பேசப்படாதது ஆல்டிமீட்டர், அதாவது காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி. கடப்பவருக்குக் கிடைப்பது 300 அடி அடுக்கு மட்டுமே. காற்றழுத்தம் 30.10 அங்குலப் பாதரசமாக இருக்கும்போது கருவியில் 30.00 என்று வைத்தால், முள் 1,200 காட்டும். நாம் இருப்பதோ ஏறத்தாழ 1,300-இல், கிளாஸ் பி-க்குள். நுழைவதற்குச் சற்று முன் அருகிலுள்ள நிலையத்தின் அழுத்தத்தைக் கேட்டு வைத்துவிட வேண்டும்.

ஆற்றுக்கு நடுவே திரும்ப நினைப்பது இன்னொரு பொறி. 2006 அக்டோபர் 11 அன்று மன்ஹாட்டனுக்குக் கிழக்கே உள்ள ஈஸ்ட் ரிவர் ஆற்றின் மேல் வடக்கே போன ஒரு சிரஸ் விமானம் இடப்பக்கம் திரும்பி மன்ஹாட்டன் கட்டடத்தில் மோதியது. அங்கே ஆற்றின் அகலம் சுமார் 2,100 அடி. 13 நாட் கிழக்குக் காற்று, திரும்பும் நேரத்துக்குள் அதில் ஏறக்குறைய 400 அடியைத் தின்றுவிட்டது. எதிர்க்கரையை ஒட்டித் தொடங்காமல் ஆற்றின் நடுவிலிருந்து தொடங்கினால் மிச்சமும் போய்விடும். காற்று வரும் பக்கம் நோக்கித் திரும்பியிருந்தால் அதே காற்று வளைவைச் சுருக்கிக் கொடுத்திருக்கும். இன்று அந்த ஆற்றின் பெரும்பகுதியில் கடல்விமானம் தவிர்த்த விமானங்களுக்குக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும்.

சந்தில் நெரிசல் என்றால் மேலே கிளாஸ் பி வழியாகவே அனுமதி கேட்கலாம். என் விருப்பமும் அதுதான், அங்கே நம்மைப் பார்த்துக்கொள்ள ரேடார் இருக்கிறது. ஆனால் 'ரேடார் கான்டாக்ட்' (ரேடாரில் தெரிகிறீர்கள்) என்பதோ, ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் ஸ்குவாக் எண் கொடுப்பதோ அனுமதி ஆகாது. நம் அழைப்புப் பெயரோடு 'கிளியர்ட்' என்ற சொல் காதில் விழும்வரை 1,300-க்குக் கீழேயே இருக்க வேண்டும். விழாவிட்டால் மறுபடி கேட்க வேண்டும்.