புழல் ஏரிக்கரையில்

"அப்பா, நம்ம வீட்டுக் குழாயில வர்றது இந்தத் தண்ணியா?"

செங்குன்றத்தில் வண்டியை நிறுத்தியதும் மகள் கேட்டாள். ஆமாம்மா, இதுவும்தான்.

காற்றில் சிற்றலைகள் கரைக்கல்லைத் தட்டிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே நின்றாள்.

நிறைந்தால் 3,300 மில்லியன் கன அடி. பூண்டி ஏரி வழியாக வரும் கிருஷ்ணா நதி நீரும் இங்கே சேர்கிறது.

2019 கோடையில் இது வெடித்த சேறாகக் கிடந்தது. சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவில் ராத்திரி 2 மணிக்கு லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டும். அம்மா குடத்தில் சாய்ந்தே தூங்குவார்.

இன்று கரையெல்லாம் பிளாஸ்டிக் டம்ளர், பாட்டில். காற்று வாங்க வருகிறோம், சரி. குடிக்கிற தண்ணீரில் வீச எப்படி மனசு வருகிறது?

மகள் நாலு பாட்டிலைப் பொறுக்கிக் கவரில் போட்டாள். நானும் குனிந்தேன்.