சி கோட்டுக்கு வெளியே

கருவிழிப் புண்ணைச் சுரண்டினால் கிடைப்பது ரொம்பக் கொஞ்சம். கடுகில் பாதிகூட இருக்காது. அதைத்தான் இரண்டு கண்ணாடிச் சில்லிலும் கிருமி வளர்க்கும் மூன்று நான்கு ப்ளேட்டிலும் பங்கு போட வேண்டும். ப்ளேட்டில் இழுக்கும்போது ஆங்கில ‘சி’ எழுத்து மாதிரி வரிசையாக இழுப்போம். அந்தக் கோட்டின் மேல் முளைப்பது கண்ணிலிருந்து வந்த கிருமி. கோட்டுக்கு வெளியே முளைப்பது காற்றிலிருந்து விழுந்தது, கணக்கில் சேராது.

தென் மாவட்டம் ஒன்றில், ஒரு கண் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரம் இதைச் சொல்லிக்கொடுத்தவர் மூத்த டெக்னீஷியன். தூத்துக்குடிக்காரர், அதனால் டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. “எம்மா, கோட்டுக்கு வெளிய இருக்கறத எண்ணாத. எண்ணுனா ஊர்ல உள்ள தூசிக்கெல்லாம் ரிப்போர்ட் குடுக்கணும்” என்றார். கருவிழிப் புண்ணில் வரும் பாக்டீரியாக்கள் எந்தெந்த மருந்துக்கு அடங்க மறுக்கின்றன என்பதைப் பதிவு செய்வதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

எங்கள் பக்கம் இந்த நோய்க்குப் பஞ்சமே இல்லை. மதுரை மாவட்டத்தில் 1993இல் எடுத்த கணக்குப்படி ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவில் ஒரு பகுதியில் எடுத்த கணக்கைப் போல இது பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதத்தில் மதுரையில் வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தபோது, கல்ச்சரில், அதாவது ப்ளேட்டில் வளர்த்துப் பார்த்ததில், முளைத்தவற்றில் ஏறக்குறையப் பாதி பாக்டீரியா, பாதி பூஞ்சை. பாக்டீரியாவில் முதலிடம் நிமோகாக்கஸுக்கு, அடுத்து சூடோமோனாஸ். மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் ஏதோ பட்டிருந்தது. நெல் சண்டு, சோளத் தோகை, மாட்டு வால் என்று எங்கள் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் ஒரு விவசாய அட்டவணையே கிடைக்கும்.

புண் ஆறினாலும் தொல்லை தீராது. ஆறிய இடம் வெள்ளையாகிவிடும். ‘கண்ணுல பூ விழுந்துட்டு’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். பூ நடுவில் விழுந்தால் பார்வை போச்சு. அதனால்தான் இங்கே ஒரு நாள், இரண்டு நாள் என்பதெல்லாம் பெரிய கணக்கு.

ஓர் அறுவடைக் காலத்தில் ஒரு அம்மா வந்தார். வலது கண்ணை முந்தானையால் பொத்தியிருந்தார். கதிரடிக்கும்போது சண்டு விழுந்து ஒன்பது நாள். கண்ணாடிச் சில்லில் சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரில், நீலநிறத்தில் ஜோடி ஜோடியாகக் கிருமிகள், சுற்றிலும் தெளிவான உறை. பார்த்தவுடனே நிமோகாக்கஸ் என்று சொல்லிவிடலாம். ஆனால் கல்ச்சரில் ஒன்றுமே வரவில்லை. முதல் நாள் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. கிருமிக்கு உணவான மீடியாவை நான் சந்தேகப்பட்டேன், இன்குபேட்டரைச் சந்தேகப்பட்டேன், என் கையையும் சந்தேகப்பட்டேன். அண்ணாச்சி மட்டும் நேரே வார்டுக்குப் போய், “எம்மா, அந்தப் பையக் கொஞ்சம் காட்டுங்க” என்றார்.

மஞ்சப்பைக்குள் ரேஷன் கார்டு, வெற்றிலைப் பொட்டலம், கூடவே நாலு சொட்டு மருந்துப் புட்டிகள். ஒன்று மெடிக்கலில் கேட்டு வாங்கியது. இரண்டாவதும் அதே கடை, முதலாவது கேட்கவில்லை என்று கொடுத்தது. அதில் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தது. மூன்றாவது பக்கத்து வீட்டுப் பெரியவரின் கண்புரை ஆபரேஷனில் மிச்சமானது. நான்காவதில் லேபிளே இல்லை. எல்லாவற்றையும் ஒரு நாளைக்கு இரண்டு சொட்டு வீதம் போட்டிருக்கிறார். நாங்கள் ஆன்டிபயாடிக்கை மணிக்கொரு தரம், ராத்திரியிலும் எழுப்பிப் போடுவோம். இரண்டு சொட்டு என்பது கிருமியைக் கொல்லவும் போதாது, முளைக்கவும் விடாது. பாதி செத்த கிருமி ஸ்மியரில் தெரியும், ப்ளேட்டில் முளைக்காது. சாகாமல் மிஞ்சுகிற சிலதுதான் என் ஆராய்ச்சிக்கு வந்து சேர்கின்றன.

அதற்குப் பிறகு எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம்: ‘பையில் இருந்த மருந்துகள்’. அந்தக் கட்டம் காலியாக இருந்த படிவம் அபூர்வம்.

சென்சிட்டிவிட்டி டெஸ்ட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிருமியைக் கரைத்துப் ப்ளேட் முழுக்கத் தடவி, மேலே மருந்து ஊறிய சின்னச் சின்ன வட்டத் தாள்களை வைப்போம். மறுநாள் தாளைச் சுற்றிக் கிருமி முளைக்காத வெற்று வட்டம் இருக்கும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையைப் பார்த்து ‘எஸ்’ அல்லது ‘ஆர்’ போடுவோம். எஸ் என்றால் அடங்கும், ஆர் என்றால் அடங்காது. முதல் ஆறு மாதம் இந்த எழுத்துகளை நான் தீர்ப்பு மாதிரி நம்பினேன்.

ஒரு நாள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு ஆர் போட்ட ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக டாக்டரிடம் போனேன். அவர் நோயாளியின் கண்ணில் விளக்கடித்துக் காட்டினார். அதே மருந்தில் புண் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அப்புறம்தான் விளங்கியது: அந்த அட்டவணை, மாத்திரையாகவோ ஊசியாகவோ போட்டு ரத்தத்தில் ஓடுகிற மருந்தின் அளவை வைத்து வகுத்தது. நிமோகாக்கஸை அடக்க ஒரு மில்லிக்கு 4 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ மாக்ஸிஃப்ளாக்ஸசின் தேவைப்பட்டால்தான் அதற்கு ஆர். கண்ணில் விடுகிற சொட்டிலோ ஒரு மில்லிக்கு 5000 மைக்ரோகிராம் இருக்கிறது. அத்தனையும் கருவிழிக்குள் இறங்கிவிடாது, பாதிக்கு மேல் கண்ணீரே கழுவிக்கொண்டு போய்விடும். ஆனாலும் ரத்தத்துக்குப் போட்ட கோடு கண்ணுக்குப் பொருந்தாது. கண்ணுக்கென்று தனிக் கோடும் யாரும் போட்டுவைக்கவில்லை.

அப்படியென்றால் கிருமி மருந்துக்கு அடங்காத இந்த ரெசிஸ்டன்ஸ் பற்றிக் கவலையே வேண்டாமா? அப்படியும் இல்லை. 2006 முதல் 2010 வரை, பெரும்பாலும் தமிழ்நாட்டு நோயாளிகளை வைத்து, 500 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாக்டீரியாப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கொடுத்தால் பார்வை மேம்படுமா என்பதுதான் கேள்வி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆய்விலேயே இன்னொன்றும் தெரிந்தது. கிருமியை அடக்கத் தேவைப்படும் மருந்தின் அளவு ஏற ஏற, புண் ஆறுவது தாமதமாகி, தழும்பும் பெரிதானது. எழுத்து எஸ் ஆகவே இருக்கலாம், அந்த அளவைச் சொல்லும் எண் ஏறிக்கொண்டே போகும். அதன் பிறகு நான் எழுத்தைவிட எண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். எண்ணைக் கண்டுபிடிக்கும் பட்டை விலை அதிகம் என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஸ்டோர்ஸில் கையெழுத்துக்காகக் கால்கடுக்க நின்றது தனிக் கதை.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ப்ளேட்டில் மூன்றாம் நாள் சி கோட்டின் மேல் சுண்ணாம்புத் தூள் சிந்தினது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். காய்ந்த மீடியம் என்று நினைத்தேன். ‘க்ரோத் இல்லை’ என்று எழுதிவிட்டு, ஒரு வாரம் வைத்திருக்க வேண்டிய ப்ளேட்டை, அவித்துக் கழிக்கும் ஆட்டோகிளேவ் வாளியில் போட்டுவிட்டேன். எட்டு நாள் கழித்து நோயாளி திரும்பி வந்தார், புண் அகன்றிருந்தது. மறுபடி சுரண்டினோம். மெல்லிய நூல்கள் கிளைவிட்டுப் பரவியிருந்தன. நோகார்டியா என்ற பாக்டீரியா. மெதுவாக வளரும், முதல் மழை விழுந்த மண் மாதிரி வாசம் அடிக்கும். (ப்ளேட்டை மோந்து பார்க்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். மோந்து பார்க்காத லேப்காரரை நான் பார்த்ததில்லை.) அதற்குக் கேட்கும் மருந்து அமிகாசின். அந்த 500 பேர் ஆய்வில் ஸ்டீராய்டு கொடுத்து நிலைமை மோசமானதும் இந்தக் கிருமி வந்தவர்களுக்குத்தான். நல்லவேளை, இவருக்கு ஸ்டீராய்டு தொடங்கியிருக்கவில்லை. கண் பிழைத்தது. பூ விழுந்தது.

அண்ணாச்சி திட்டவில்லை. “கோட்டு மேலதான இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். இப்போதும் ஏதாவது ப்ளேட்டைத் தூக்கிப் போடப் போனால் அந்தக் குரல் கேட்கும்.

சூடோமோனாஸ் வேறு ரகம். பச்சை நிறம், பழ வாசம், அசுர வேகம். காலையில் சின்னதாக இருந்த புண் மறுநாள் கருவிழி முழுக்கப் பரவியிருக்கும். ஒரு முறை அதற்கு வைத்த எந்தத் தாளைச் சுற்றியும் வட்டம் விழவில்லை. கடைசிக் கையிருப்பு என்று சொல்லும் கார்பபெனம் தாள்களின் விளிம்பு வரைக்கும் பச்சை ஏறி நின்றது. கொலிஸ்டின் ஊசி மருந்தைக் கரைத்துச் சொட்டாகப் போட்டார்கள். அந்த ரிப்போர்ட்டை மேசையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2023இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மூலம் இதே வகைக் கிருமி பரவிய செய்தி வந்தது. 18 மாநிலங்களில் 81 பேர். 14 பேருக்குப் பார்வை போயிற்று, நான்கு பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, நான்கு பேர் இறந்தார்கள். அந்தப் புட்டிகள் தயாரானது சென்னைக்குப் பக்கத்தில். லேபில் அன்று டீ நேரத்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

என் வீட்டுக் கதையும் ரொம்ப யோக்கியமில்லை. பையனுக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது, அது வைரஸ், ஆன்டிபயாடிக் எடுபடாது என்று நன்றாகத் தெரிந்தும், அவன் அழுகையையும் மாமியார் முகத்தையும் பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த பழைய மாக்ஸிஃப்ளாக்ஸசினை மூன்று நாள் போட்டேன். மெடிக்கலில் சீட்டு கேட்காமல் கொடுக்கிறார்களே என்று கூட்டங்களில் நானே ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பேசவில்லை.

அந்த அறுவடைக்கால அம்மாவுக்கு மூன்று வாரத்தில் புண் ஆறியது. ஓரமாகத்தான் தழும்பு, பார்வைக்குப் பெரிய பாதகமில்லை. டிஸ்சார்ஜ் அன்று லேப் வாசலில் வந்து நின்றார். நன்றி சொல்ல வந்திருப்பார் என்று எழுந்தேன்.

“எம்மா, அந்த நாலு புட்டியையும் நீங்கதான் எடுத்து வச்சிருக்கியளாம். குடுத்துருங்க. ரெண்டுல பாதி மருந்து கெடக்கு, காசு குடுத்து வாங்குனது. எங்க மதினிக்குக் கண்ணு உறுத்துதாம்.”