கம்யூனிட்டி காலேஜில் நகை வேலை படித்தேன்

எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரும் விசா) இருப்பவர்கள் அமெரிக்காவில் வேலைக்குப் போகத்தான் தனி அனுமதி வேண்டும், படிப்பதற்கு அது தேவையில்லை. இது தெரியாமல் வருடக்கணக்கில் வீட்டிலேயே இருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் எங்கள் பகுதி கம்யூனிட்டி காலேஜில் நகை வேலையும் உலோகக் கலையும் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்து, ஒரு செமஸ்டர் முடித்திருக்கிறேன்.

விண்ணப்பம் சிசிசிஅப்ளை (CCCApply) என்ற இணையதளத்தில், இலவசம். மாநிலத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் குடியிருந்து, அதைக் காகிதத்தில் காட்ட முடிந்தால் யூனிட்டுக்கு (வகுப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். மூன்று யூனிட் வகுப்பென்றால் 138. அப்படிக் காட்ட முடியாதவர்களுக்கான கட்டணம் இதைப்போல் பல மடங்கு என்பதால் வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல் நகல் எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, ரம்ப அலகு, உப்புத்தாள் செலவு தனி.

இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. பழைய மாணவர்களுக்குப் பதிவு முதலில் திறக்கும், நம் முறை வரும்போது பட்டறை நிரம்பியிருக்கும். காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, முதல் வகுப்புக்கு நேரிலேயே போய்விடுங்கள். வராதவர்களின் இடத்துக்கு ஆசிரியர் அன்றே ஆட் கோடு (வகுப்பில் பதிவு செய்ய அனுமதிக்கும் எண்) கொடுப்பார். எனக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

முதலில் ரம்பம். அலகு மிக மெல்லியது. பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இழுத்துப் பூட்டியதும் விரலால் சுண்டினால் தந்தி மாதிரி ணங்கென்று ஒலிக்க வேண்டும். தகட்டின் கனத்துக்குள் குறைந்தது இரண்டு மூன்று பல்லாவது உட்காரும் அலகாகப் பார்த்து எடுக்க வேண்டும். முதல் வாரங்களில் எல்லோருக்கும் அலகு ஒடிந்துகொண்டேதான் இருக்கும், மனம் தளராதீர்கள். அழுத்தாமல் கையை மேலும் கீழும் விட்டால் போதும், அறுப்பதை ரம்பமே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் பற்றவைப்பு. இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பேன். ஒரு வெள்ளி மோதிரத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். இடையில் கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி அரத்தை எடுக்க வேண்டும். பற்றாசு (முனைகளை ஒட்டவைக்கும், எளிதில் உருகும் உலோகக் கலவை) உருகி இடைவெளியை அடைத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம், அடைக்காது. முனைகள் ஒட்டிய இடத்தில்தான் அது ஓடும். வெண்காரம் கலந்த பசையைத் தடவித் தீயைக் காட்டினால், முதலில் நீர் வற்றிப் பொரியும், பிறகு வெளுக்கும், கடைசியில் கண்ணாடியாகத் தெளியும். அதைத்தான் கவனிக்க வேண்டும். தீயைப் பற்றாசின் மேல் பிடிக்காமல் மோதிரம் முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும், ஏனென்றால் எந்தப் பக்கம் சூடு அதிகமோ அந்தப் பக்கம் பற்றாசு ஓடும். சரியான சூடு வந்ததும் இணைப்பில் சட்டென ஒரு வெள்ளிக் கோடு மின்னி ஓடும். அந்தக் கணமே தீயை எடுத்துவிட வேண்டும்.

ஸ்டெர்லிங் வெள்ளியில் 92.5 சதவீதம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சூட்டில் அந்தச் செம்பு கறுத்துப்போகும். மேலே இருக்கும் கறுப்பை எடுக்க வெதுவெதுப்பான அமிலக் கரைசலில் போடுவோம். அதில் இரும்பு இடுக்கியை விட்டால் உள்ளே கிடக்கும் வெள்ளியெல்லாம் செம்புப் பூச்சேறிச் சிவந்துவிடும், எனவே செம்பு இடுக்கிதான். ஆழத்தில் இறங்கிய கறையை ராவித்தான் எடுக்க வேண்டும்.

பாதுகாப்பு பாடத்தில், காட்மியம் கலந்த பற்றாசுக்குப் பட்டறையில் இடமே இல்லை என்றார்கள், அதன் புகை நுரையீரலைக் கெடுத்துவிடும். நம் ஊரில் 'கேடிஎம் நகை' என்று கேட்டுக் கேட்டு வாங்கினோமே, அது காட்மியம் கலந்த பற்றாசால் ஒட்டிய தங்க நகைதான்.  அதை ஊதிய பத்தர்கள்தான் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தும் அந்த நினைப்பு போகவில்லை.

சேதாரம் என்றால் என்னவென்று மேசையில் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஒரு தோல் தொங்கும். அராவிய பொடியெல்லாம் அதில் விழும், சேர்த்து வைத்து உருக்க அனுப்பலாம். கடைக்காரர் போடும் சேதாரத்தைப் பற்றி எனக்கு இன்னும் கேள்விகள் உண்டு. ஆனால் செய்கூலியில் பேரம் பேச இனி எனக்கு வாய் வராது. கல் பதித்த ஒரு சின்ன மோதிரத்துக்கு, தூய வெள்ளிப் பட்டையைக் கல்லைச் சுற்றிப் பொருத்தி, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி அழுத்தி மடித்து, விளிம்பைத் தேய்த்து மெருகேற்றி முடிக்க எனக்குப் பல வகுப்புகள் ஆயின.

ஒரே ஒரு குறை. தேறிய வகுப்பை மறுபடி எடுக்க மாநில விதி பொதுவாக இடம் தராது. கைப்பழக்கத்துக்கு ஒரு செமஸ்டர் எந்த மூலைக்கு? அதனால் சேர்ந்த நாளிலிருந்தே, வகுப்பில்லாத நேரத்தில் பட்டறை எப்போது திறந்திருக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். அடுத்த நிலையில் கணவாய் ஓட்டில் அச்சு செதுக்கி வெள்ளி வார்க்கக் கற்றுத்தருகிறார்கள். அதற்குப் பதிவு செய்துவிட்டேன்.